ஆலிமாவும் ஆட்டக்காரியும்

அரபு மொழியிலிருந்து தமிழ் முஸ்லிம்களின் வாழ்வுக்குள் வந்து, அயற்சொல் என்ற எண்ணமே எழாத அளவுக்கு வேரூன்றிவிட்ட சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று ‘ஆலிமா’. ‘இல்ம்’ என்றால் அறிவு. அறிவுடையவர் ஆலிம், அறிவுடைய பெண் ஆலிமா. கோம்பையிலோ உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ ஒரு திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயரோடு இச்சொல் சேர்ந்திருக்குமானால், அப்பெண் அரபிக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் ஓதிப் பட்டம் பெற்றவள் என்பதை ஊர் அறிந்துகொள்கிறது. பெற்றோர் பெருமை கொள்கின்றனர். சம்பந்தி வீட்டாரும் ஒரு மரியாதையோடு பேசுகின்றனர்.

இதே சொல்லை நூறாண்டுகளுக்கு முன் எகிப்தின் தலைநகர் கெய்ரோவில், முகம்மது அலி தெருவில் நின்று உச்சரித்திருந்தால், கேட்டவர் உள்ளத்தில் மதரஸா தோன்றியிராது. திருமண வீடுகளில் ஊதியம் பெற்றுப் பாடி ஆடும் ஒரு பெண்ணே தோன்றியிருப்பாள். பின்னர் அதே சொல் அந்நாட்டில் வசையாகவும் வழங்கலாயிற்று.

ஒரே சொல் ஓரிடத்தில் மகுடமாகவும் மற்றோரிடத்தில் கறையாகவும் ஆனது எங்ஙனம்? இதை ஆராயப் புகுவோர் நைல் நதிக்கரையில் தொடங்கி, நம் முல்லைப் பெரியாற்றங்கரைக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

அவாலிமும் கவாஸியும்

எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேயர் 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் தங்கி, அரபு கற்று, அம்மக்களின் உடையணிந்து, அவர்களுடைய பழக்கவழக்கங்களைக் கண்டெழுதிய நூல் 1836இல் வெளிவந்தது. எகிப்தில் பாடலையும் ஆடலையும் தொழிலாகக் கொண்டிருந்த பெண்கள் இருவேறு வகையினர் என்பதை அந்நூல் தெளிவுபடுத்துகிறது.

முதல் வகையினர் ‘அவாலிம்’. ஆலிமா என்பதன் எகிப்திய வழக்கான ‘ஆல்மா’வின் பன்மை இது. இவர்கள் முதன்மையாகப் பாடகியர். செல்வர் இல்லங்களில் விழா நிகழும்போது பெண்கள் பகுதிக்கு அழைக்கப்படுவர். மரச்சட்டப் பலகணிக்குப் பின்னிருந்து இவர்கள் பாட, கீழே முற்றத்தில் அமர்ந்திருக்கும் ஆடவர் குரலை மட்டும் கேட்பர். இசையும் கவிதையும் பயின்றவர்கள் என்பதாலேயே அறிவுடைய பெண் என்னும் பெயர் இவர்களுக்கு அமைந்தது. தேர்ந்த பாடகியருக்குக் கிடைத்த ஊதியமும் பெரிது.

இரண்டாம் வகையினர் ‘கவாஸி’. இவர்கள் முகத்திரையின்றித் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் ஆடுவோர். தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட தனிக் குலத்தார். திருமணம், குழந்தைப் பேறு, இறைநேசர்களின் பெயரால் நடக்கும் மவ்லிதுத் திருவிழா ஆகியவற்றில் இவர்களைக் காணலாம். விரல்களில் பித்தளைத் தாளங்களைப் பூட்டிக்கொண்டு, மத்தளத்துக்கும் குழலுக்கும் ஏற்ப இடையை அசைத்து ஆடுவதே இவர்கள் கலை. ஆனால் மதிப்பிற்குரிய வீடுகளின் அந்தப்புரத்துக்குள் இவர்கள் அனுமதிக்கப்படுவது அரிது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கவாஸியின் உடை, அக்கால நடுத்தரக் குடும்பப் பெண்கள் வீட்டினுள் அணிந்த உடையை ஒத்தது என்கிறார் லேன். நீண்ட மேலங்கியும் தளர்ந்த காற்சட்டையுமே அது. இன்று ‘அரபு நடனம்’ என்றதும் நம் கண்முன் தோன்றும் ஜிகினாக் கச்சையும் வெற்றிடையும் அங்கே இல்லை.

1834ஆம் ஆண்டு ஆணை

அப்போது எகிப்தை ஆண்டவர் முகம்மது அலி பாஷா. ஆடற்பெண்டிரிடமிருந்து வரி வாங்கிக்கொண்டிருந்த அவருடைய அரசு, 1834இல் கெய்ரோவில் பெண்கள் பொதுவில் ஆடுவதையும் விபசாரத்தையும் ஒருசேரத் தடை செய்தது. மார்க்க அறிஞர்களின் முறையீடு, அயல்நாட்டுப் பயணிகளின் நடத்தையால் எழுந்த முணுமுணுப்பு ஆகியன இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆணையை மீறும் பெண்ணுக்கு முதன்முறை 50 கசையடிகள். மீண்டும் மீறினால் கடின உழைப்புத் தண்டனை. உடன்பட்ட ஆடவருக்கும் அடி உண்டு என்று லேன் எழுதினாலும், தலைநகரை விட்டுத் தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் ஆகிய ஊர்களுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் பெண்களே.

விளைவு என்ன? ஆட்டம் அழியவில்லை. தலைநகரில் பெண்களின் இடத்தைப் பெண்ணுடை போன்ற உடையணிந்து ஆடிய ‘கவல்’ என்னும் ஆடவர்கள் நிரப்பினர். தெற்கே துரத்தப்பட்ட பெண்களோ, நைலில் படகேறி வந்த ஐரோப்பியப் பயணிகளின் காட்சிப் பொருளாயினர். ஊரும் உறவும் ஆதரவும் இழந்த நிலையில், ஆட்டத்தை மட்டும் விற்று வாழ்வது பலருக்கு இயலாமற்போயிற்று. ஒழுக்கத்தைக் காக்க வந்த ஆணை, ஒழுக்கக் கேட்டின் வாயிலுக்கே அவர்களைத் தள்ளிவிட்டது எனலாம்.

1850இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் எஸ்னாவில் சந்தித்த பெண்ணை அவருடைய குறிப்புகள் ‘குச்சுக் ஹானெம்’ என்கின்றன. துருக்கி மொழியில் ‘சிறிய சீமாட்டி’ என்று பொருள்படும் அழைப்புப் பெயரே அது. அவளுடைய இயற்பெயர் என்னவென்று அதிலிருந்து தெரிவதில்லை. பாலஸ்தீன அறிஞர் எட்வர்டு ஸெய்த், கீழைத்தேயவியலைப் பற்றி 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், அப்பெண் தன்னைப் பற்றித் தானே பேசியதில்லை, அவளுக்காக அவரே பேசினார் என்பதை எடுத்துக்காட்டினார்.

இந்தக் குழப்பத்தினூடே சொல்லும் உருமாறியது. தடைக்கு உள்ளான ஆட்டக்காரியர் பாடகியரின் மதிப்பான பெயரில் ஒதுங்கினர். வேறுபாடறியாத ஐரோப்பியரோ ஆடும் பெண்டிர் அனைவரையும் ‘ஆல்மே’ என்றே எழுதினர். பலகணிக்குப் பின்னிருந்த பாடகியின் பெயர் இவ்வாறு தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தெருவும் திருமணமும்

பாஷாவின் பேரர் இஸ்மாயீல் ஆட்சியில் கெய்ரோவில் புதியதொரு நெடுந்தெரு திறக்கப்பட்டு, பாட்டனாரின் பெயரால் முகம்மது அலி தெரு என்று அழைக்கப்பட்டது. ஆட்டத்தைத் தடை செய்தவரின் பெயர் தாங்கிய அத்தெருவே பின்னாளில் பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரியர் ஆகியோரின் உறைவிடமாயிற்று! அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ‘உஸ்தா’ என்னும் தலைவி இருந்தாள். ஒப்பந்தம் பேசுவதும், பெண்களைத் திரட்டுவதும், ஊதியத்தைப் பங்கிடுவதும் அவள் பொறுப்பு.

அவர்கள் நடத்திய திருமணச் சடங்குகளை அறியும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு வியப்புத் தோன்றுகிறது. மணமக்களை வாத்திய முழக்கத்தோடு அழைத்துவரும் ஊர்வலம் ‘ஸஃப்பா’. அதன் முன்னணியில் எரியும் மெழுகுவர்த்திகள் செருகிய கொத்துவிளக்கைத் தலையில் ஏந்தி, கைகளால் பிடிக்காமலேயே ஒரு பெண் ஆடி வருவாள். ‘ஷம்அதான்’ ஆட்டம் என்பது இதுவே. சூழ நிற்கும் பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் ‘ஸகாரீத்’ ஒலி, நம் வீட்டுப் பெண்கள் இடும் குலவைக்கு உடன்பிறந்தது போன்றது.

‘நுக்தா’ என்னும் வழக்கமோ இன்னும் நெருக்கமானது. தெருத் திருமணங்களில் விருந்தினர் பணம் கொடுப்பர். கொடுத்தவர் பெயரையும் அவர் வாழ்த்தையும் ஒருவர் உரத்த குரலில் அறிவிப்பார். இன்று பெற்றதை நாளை அவர் வீட்டு விழாவில் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் பக்கத்தில் ‘செய்முறை’ என்றும் ‘மொய்’ என்றும் வழங்குவது இதுவன்றி வேறென்ன? வேறுபாடு ஒன்றே: அங்கே அப்பணத்தின் ஒரு பகுதி ஆடும் பெண்ணைச் சுற்றியே கைமாறியது. ஆகவே, ஊரார் தம் உறவையும் பெருமையையும் நிலைநாட்டிக்கொள்ள அவள் வேண்டியிருந்தாள்; ஆனால் அவ்வுறவின் வட்டத்துக்குள் அவளுக்கு இடமில்லை. தன் மகன் திருமணத்துக்கு ஆட்டக்காரியை அழைப்பவர், ஆட்டக்காரியின் மகளைத் தன் மகனுக்குக் கொள்ள ஒப்பமாட்டார்.

திரையில் வந்த ‘அரபு நடனம்’

1889இல் பாரிசிலும் 1893இல் சிகாகோவிலும் நடைபெற்ற உலகக் கண்காட்சிகளில் ‘கெய்ரோத் தெரு’ என்ற பெயரில் காட்சிகள் அமைக்கப்பட்டன. அங்கே வேடிக்கை பார்த்த கூட்டத்தினரிடையே இக்கலை ‘வயிற்று நடனம்’ என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டது. எகிப்தியர் தம் மொழியில் இதை ‘ரக்ஸ் ஷர்கீ’, அதாவது கீழ்த்திசை நடனம் என்றும், நாட்டுப்புற வடிவத்தை ‘பலதீ’ என்றும் கூறுவரேயன்றி, வயிற்றின் பெயரால் அழைப்பதில்லை.

1926இல் பதீஆ மஸாப்னீ என்னும் பெண்மணி கெய்ரோவில் ஓர் இசையரங்கைத் திறந்தார். தஹிய்யா காரியோக்கா, ஸாமியா ஜமால் போன்றோர் அவரிடமிருந்து புறப்பட்டவர்களே. மேலை நாட்டு மேடையும் திரைப்படமும் கற்பனை செய்த கச்சையும் மணிச்சரமும் இக்காலத்தில்தான் கெய்ரோ மேடைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து உலகெங்கும் பரவி, ‘குலேபகாவலி’ (1955), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘பாக்தாத் திருடன்’ (1960) போன்ற படங்கள் திரையிடப்பட்ட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளையும் எட்டின. மேற்கின் கற்பனை கிழக்கைச் சுற்றிவந்து, ‘இதுவே முஸ்லிம் நாட்டுப் பண்பாடு’ என்னும் முத்திரையோடு நம்மிடமே காட்டப்பட்டது!

நமக்கும் அரபு நாட்டுக்கும் உள்ள தொடர்பு வேறு. கடல் வாணிகமும், குதிரையும், மார்க்கமும், அரபுத்தமிழ் எழுத்தும் வளர்த்த தொடர்பு அது. கோம்பை எஸ். அன்வர் 2013இல் வெளியிட்ட ‘யாதும்’ ஆவணப்படம், தம் சொந்த ஊரான கோம்பையிலிருந்து புறப்பட்டு, தமிழ் முஸ்லிம்களின் வேர்களைத் தேடிச் செல்வதை வாசகர்கள் அறிவர்.

தமிழ் மண்ணின் ஆலிமாக்கள்

எகிப்தை இகழ்வதற்கு முன் நம் நாட்டைச் சற்றே நோக்குவோம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றிய செய்தியை 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கு. ஒவ்வொருத்தியின் பெயரும் எந்தத் தளியிலிருந்து வந்தவள் என்பதும் கல்லில் உள்ளன. எஸ்னாவில் 1850இல் ஆடியவளின் இயற்பெயரை நாமறியோம். அவளுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பெண்கள் நானூற்றுவரின் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

தேவரடியார் என்பதும் மதிப்பிற்குரிய பெயராகவே இருந்தது. கோவில்களுக்குக் கொடை வழங்கியோராக அவர்களைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அச்சொல் திரிந்து இன்று என்னவாயிற்று என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. சந்தையிலும் தெருச் சண்டையிலும் காதில் விழுவதே. அறிவுடைய பெண் என்ற சொல் கெய்ரோவில் எவ்வழியே வீழ்ந்ததோ, இறைவனின் அடியாள் என்ற சொல்லும் தமிழகத்தில் அவ்வழியே வீழ்ந்தது.

பொட்டுக் கட்டும் வழக்கத்தில் கொடுமை இருந்ததென்பதில் ஐயமில்லை. அக்குலச் சூழலிலேயே வளர்ந்து, அதை எதிர்த்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட நாவல் அதற்குச் சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடியதன் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சிறுமியரைக் காத்த அச்சட்டத்தை எவரும் குறைகூற இயலாது.

ஆயினும் அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. சதிர் என்று இகழப்பட்ட ஆட்டம், 1930களில் சென்னை மியூசிக் அகாதெமியின் முயற்சியாலும், 1935இல் ருக்மிணி தேவி மேடையேறியதாலும், பரதநாட்டியம் என்னும் பெயரில் உயர்குடியினரின் கலையாயிற்று. கலை மாளிகைக்குச் சென்றது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுள் பெரும்பாலோர் தம் குலப்பெயரை மறைத்து வாழத் தலைப்பட்டனர். 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலசரஸ்வதி போன்றோர் விதிவிலக்குகள். எகிப்திலும் இதற்கொரு இணையைக் காண்கிறோம். மஹ்மூத் ரிதா 1959இல் தொடங்கிய குழு, படித்த குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்டு நாட்டுப்புற ஆடல்களை மேடைக்குத் தக்கவாறு மாற்றிப் பாராட்டுப் பெற்றது. முகம்மது அலி தெருவின் பெண்களுக்கோ உரிமமும், உடைக் கட்டுப்பாடும், காவலரின் கண்காணிப்புமே மிஞ்சின.

நம் பள்ளத்தாக்கில்

ராமக்கல்மேட்டின் அடிவாரத்தில் கோம்பை அமைந்திருக்கிறது. சித்திரை பிறந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் விழாவில் தொடங்கி, இப்பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒவ்வொன்றிலும் கொட்டு முழங்கும். நாதசுரமும் தவிலும் பம்பையும் உறுமியும் சேர்ந்த நையாண்டி மேளத்துக்குக் கரகாட்டச் செட்டு விடிய விடிய ஆடும். தலைமேல் அலங்கரித்த செம்பு. கை படாமல் அதை நிறுத்தியவாறே குனிந்தும் சுழன்றும் ஆடும் பெண். கெய்ரோவின் கொத்துவிளக்குக்கும் இச்செம்புக்கும் உறவு கற்பிக்க நாம் முற்படவில்லை. ஆனால் ஆடும் பெண்ணைச் சுற்றி நிற்கும் கூட்டம் இரண்டிடத்தும் ஒன்றே.

வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்து அழைப்பவர்களே நள்ளிரவில் கொச்சைப் பேச்சை வேண்டுகின்றனர். ரூபாய் நோட்டை அப்பெண்ணின் ரவிக்கையில் குத்தும் கை, பொழுது விடிந்ததும் அவளைச் சுட்டிப் பேசுகிறது. பார்வையாளரின் விருப்பத்துக்கேற்பவே உடை குறைந்தது. குறைந்த உடைக்காகப் பழி சுமப்பவளோ ஆடியவள். திருவிழா ஆட்ட நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வேண்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குகள் செல்வதும், ஆபாசம் கூடாதென்ற நிபந்தனையோடு அனுமதி கிடைப்பதும் அண்மைக்காலச் செய்திகள். நிபந்தனை மேடைக்கு, மேடையின் கீழே நிற்பவர்களுக்கு எவர் நிபந்தனை விதிப்பது?

கோம்பைக்கு அண்மையிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த கங்கை அமரன் இயக்கி, அவ்வூரைச் சேர்ந்த இளையராஜா இசையமைத்த ‘கரகாட்டக்காரன்’ 1989இல் வெளிவந்து மாபெரும் வெற்றி கண்டது. திரையில் அக்கலைஞர்களின் காதலுக்காக உருகிய ஊர்களில், அவர்களுடைய மகளைப் பெண் கேட்டுச் சென்ற குடும்பங்கள் எத்தனை என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரே சூராவின் இரு கட்டளைகள்

மார்க்கத்தின் நோக்கில் இதை எவ்வாறு காண்பது? களிப்பு அனைத்தையும் இஸ்லாம் விலக்கிவிடவில்லை. அன்ஸாரிகளின் இல்லத்துக்கு மணமகள் அனுப்பப்பட்டபோது, அம்மக்கள் களிப்பை விரும்புவோராயிற்றே, அதற்கு ஏதும் ஏற்பாடு உண்டா என நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதும், பெருநாளன்று அபிசீனியர் பள்ளியில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காண உதவியதும் ஹதீஸ்களில் உள்ளன. அந்நியர் முன் உடலைக் காட்டி ஆடுவதை மார்க்கம் ஏற்காது என்பதும் தெளிவு. அதில் தளர்வு கேட்பது நம் நோக்கமன்று.

நாம் சுட்ட விரும்புவது வேறு. ஒழுக்க நெறிகளைப் பேசும் சூரத்துன் நூரில், பார்வையைத் தாழ்த்துமாறு கூறும் 30ஆவது வசனம் முதலில் ஆடவரை நோக்கியது. பெண்களுக்கான கட்டளை அதற்கடுத்த வசனத்திலேயே வருகிறது. பாஷாவின் ஆணையும் நம் ஊர்ப் பேச்சும் இவ்வரிசையைத் தலைகீழாக்கின. அதே சூராவின் 4ஆவது வசனம், கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடிகளை விதிக்கிறது. ஆடிய பெண்ணுக்குப் பாஷா விதித்தது 50. பெண்ணின் பெயரைக் கெடுத்தவனுக்கு அல்லாஹ் விதித்தது 80. பாஷாவின் காவலர் முன்னதை நிறைவேற்றினர். சொல்லால் பெண்ணைக் கொல்லும் குற்றமோ கெய்ரோவிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கேட்பாரின்றி நடந்துவருகிறது.

தஹிய்யா காரியோக்கா 1999இல் காலமானார். நாஸர் ஆட்சிக் காலத்தில் அரசியல் காரணமாகச் சிறை சென்றவர். முதுமையில் தலைத்துணி அணிந்து இறைவழிபாட்டில் நாட்டம் கொண்டவர். அவரை ஒரு முழு மனிதராகக் கருதி எட்வர்டு ஸெய்த் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். முகம்மது அலி தெருவின் மற்றப் பெண்களுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

இன்று நம் பெண் மக்கள் ஆலிமா என்னும் பட்டத்தைத் தாங்கி நிற்பது அல்லாஹ்வின் அருள். அச்சொல்லின் உயர்வை நாம் போற்றுவது மெய்யானால், அப்பெயரையே ஒருகாலத்தில் தாங்கி வீழ்த்தப்பட்டவர்களை நினைத்தேனும், எந்தப் பெண்ணின் தொழிலையும் அவளுக்கு வசையாக்கும் சொல்லை நம் நாவில் வைக்கலாகாது. விழா முடிந்து அதிகாலைப் பேருந்துக்காகச் செம்பையும் பையையும் வைத்துக்கொண்டு சாலையோரம் காத்திருக்கும் கரகாட்டப் பெண்ணுக்கு ஸலாமத்தான வழித்துணையாக இருப்பதே, பார்வையைத் தாழ்த்தச் சொன்ன மார்க்கம் நம்மிடம் எதிர்பார்ப்பது. சிந்திப்போமாக!